விசில் வர்ற வரைக்கும்

ஜனவரி 20, திங்கள்

கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதனால எழுதறேன். வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

மேரி ரெண்டு நோட்டு குடுத்துச்சு. ஒண்ணு ஆபீசுக்கு, அதுல பறவைக் கணக்கு மட்டும் எழுதணும். இன்னொண்ணு பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்க்கறதுக்கு. கிறுக்கற நோட்டுலதான் இது.

இன்னிக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வேலைன்னா என்ன வேலைங்கறீங்க? வால்பாறைல ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு நடுவுல இத்துனூண்டு காடு மிச்சமிருக்கு. அதுக்குள்ள ஒரு பெரிய மரம். அறுபதடி உசரத்துல ஒரு பொந்து. இருவாச்சிப் பொட்டை ஒண்ணு அதுக்குள்ள போய் உக்காந்துகிட்டு, உள்ள இருந்தே வாசலைப் பூசி அடைச்சுகிச்சு. ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து மட்டுந்தான் பாக்கி. முட்டை வெச்சு, பொரிச்சு, குஞ்சு கொஞ்சம் தேர்ற வரைக்கும் மூணு மாசத்துக்கு மேல உள்ளயேதான். ஆண் பறவை பழம் கொண்டாந்து அந்தச் சந்து வழியா ஊட்டணும். அது எத்தனை மணிக்கு வருது, எத்தனை பழம் குடுக்குது, எப்பப் போகுதுன்னு கீழ உக்காந்து எழுதறதுதான் என்ற வேலை. காலைல ஆறு மணியில இருந்து மத்தியானம் பன்னெண்டு வரைக்கும்.

பதினெட்டு வருசம் பொள்ளாச்சி–உடுமலை ரூட்டுல பிரைவேட் பஸ் ஓட்டினவனுக்கு இந்த வேலை. முன்னாடி வண்டிக்கும் நமக்கும் நாலு நிமிசந்தான் டைமிங். ஸ்டாண்டுல 'ராக்கெட் கிட்டுச்சாமி'ன்னாத்தான் என்னைத் தெரியும்.

ஆறு மணி நேரத்துல அந்தப் பறவை வந்தது ரெண்டு தடவை. ரெண்டே ரெண்டு! மீதி நேரமெல்லாம் நான் மரத்தைப் பார்த்தேன், மரம் என்னைப் பார்த்துச்சு.

இதுல ஒரு சட்டம் வேற. கால் மணிக்கொரு தடவை எழுதியே ஆகணும். பறவை வரலைன்னா 'இல்லை'ன்னு எழுதணும். இன்னிக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல 'இல்லை' எழுதியிருக்கேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மேரி, முழுப்பேர் சகாயமேரி, இருபத்தெட்டு வயசு. அப்பனும் அம்மாவும் இந்த எஸ்டேட்டுலயே கொழுந்து பறிச்சவங்க. பறவை ஆராய்ச்சி பண்றவங்க கூட மூணு வருசமா இருக்கு. எனக்கு மேலாளு அதுதான். இவங்க ஜீப்பை என்ற மச்சான் ரங்கன் ஓட்டறான். "லைசென்ஸ் இல்லாம வீட்ல உக்காந்திருந்தா உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிரும், வாங்க மாமா"ன்னு கூட்டியாந்து விட்டவன் அவந்தான். ரங்கன் வீட்ல ஒரு ரூமுல படுத்துக்கறேன்.

"லைசென்ஸ் ஏன்ணே போச்சு?"ன்னு மேரி கேட்டுச்சு. சொன்னேன். இங்கயும் எழுதி வெச்சிடறேன்.

ஜனவரி ஆறாந்தேதி காலைல எட்டரை வண்டி. புளியமரத்து ஸ்டாப். நாகமணின்னு ஒரு அம்மா, பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவங்க, பின்படியில இறங்கிட்டு இருந்தாங்க. இறங்கி முடிக்கறதுக்குள்ள கண்டக்டர் சாதிக் ரெண்டு விசில் குடுத்துட்டான். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா எடு. நான் எடுத்தேன். அந்தம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. இதைத்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுத்தேன்.

விசாரணை ஏப்ரல் பதினாறு. அன்னிக்கும் இதையே சொன்னா எனக்கு லைசென்ஸ் திரும்ப வந்துரும். சாதிக்குக்குக் கண்டக்டர் லைசென்ஸ் அதோட முடிஞ்சுது. ஆறு வருசம் என்ற கூட ஒட்டுக்கா வேலை பார்த்தவன், முப்பது வயசு கூட ஆகலை. என்ன பண்றது, கெரகம்.

மேரி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"ன்னுச்சு. தெரியலைன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

ஸ்டூல்ல உக்காந்தா வலது கால் தானா மண்ணை அமுக்குது. ஆக்சிலேட்டர்னு நெனப்பு. மறைவுக்குக் கட்டியிருக்கற பச்சைத் துணிக்குள்ள எட்டிப் பார்த்த மேரி ஒரே சிரிப்பு. ஒரு வாரத்துல குதிகால் வெச்ச எடத்துல குழி விழுந்திருக்கு.

"அண்ணே, இன்னும் ஒரு மாசம் விட்டா கெணறே வெட்டிருவீங்க."

சிரிக்கட்டும்னு நானும் பைக் கதையைச் சொன்னேன். கல்யாணமான புதுசு. மாமியார் வீட்டுக்குக் கிளம்பி, பெட்ரோல் போட நிறுத்தினோம். என்ற சம்சாரம் சாந்தாமணி எறங்கி நின்னா. பெட்ரோல் போட்டதும் நான் பாட்டுக்கு எடுத்துட்டேன். பின்னாடி அவ ஏறவே இல்லை. ரெண்டு கிலோமீட்டர் போற வரைக்கும் பேசிகிட்டே போறேன், ரோட்ல எதிர்ல வர்றவனெல்லாம் ஒரு மாதிரி பார்க்கறான். திரும்பி வந்தா பங்க்குல மூஞ்சிய உர்ருன்னு வெச்சுகிட்டு நிக்கறா.

மேரிக்குக் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. "அக்கா எப்படித்தான் உங்க கூடக் குப்பை கொட்டறாங்களோ!"

பிப்ரவரி 2, ஞாயிறு

லீவு. சட்டை ரெண்டும் துவைச்சுப் போட்டேன். வெய்யிலே இல்லை, ஈரமாவே தொங்குது.

சிக்னல் கிடைக்கறது பங்களா வளைவுல மட்டுந்தான். அங்க போய் நின்னு சாந்தாமணிக்குப் போன் பண்ணினேன். சாப்டீங்களான்னா. சாப்டேன்னேன். குளுருதுங்களான்னா. குளுருதுன்னேன். அவ பக்கம் பின்னால யாரோ பொம்பளை முனகற மாதிரி சத்தம். யாருன்னு கேட்டேன். "வெளிய வந்திருக்கேன், அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டா.

எங்க போயிருப்பா, ஞாயித்துக்கிழமை?

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்னிக்குத் தப்புப் பண்ணிட்டேன்.

ஆண் பறவை வர்றது அரைக் கிலோமீட்டருக்கு முந்தியே தெரியும். றெக்கை அடிக்கற சத்தம் ஏர் பிரேக் விடற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும். மூக்கு மேல மஞ்சளா ஒரு கொண்டை. ஆளு ஜம்முன்னு இருப்பான். ஆனா வந்ததும் நேரா கூட்டுக்குப் போக மாட்டான். பக்கத்து மரத்துக் கிளையில உக்காந்துக்குவான். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பான், அந்தப் பக்கம் சாய்ப்பான். கீழ பார்ப்பான், மேல பார்ப்பான். அட, வாய்க்குள்ள பழத்தை வெச்சுகிட்டு என்னடா வேடிக்கைன்னு எனக்குப் பத்திகிட்டு வரும்.

இன்னிக்கு எட்டு பத்துக்கு வந்து உக்காந்தான். எட்டு இருபது. எட்டரை. பொந்துக்குள்ள பொட்டை அசையற சத்தம் எனக்கே கேக்குது. எனக்குப் பொறுக்கலை. ஸ்டூலை விட்டு எந்திரிச்சு, "போடா, போய்க் குடுடா"ன்னு வாய் விட்டே சொல்லிட்டேன். துணி ஆடிருச்சு. அவன் என்னைப் பார்த்தான். புஸ்ஸுன்னு ஒரே தூக்கா தூக்கிட்டுப் போயிட்டான்.

அப்புறம் பன்னெண்டு வரைக்கும் வரவே இல்லை. 'இல்லை, இல்லை'ன்னு பக்கம் பூரா எழுதினேன். பன்னெண்டுக்கு மேல எனக்கு வேலை இல்லை, ஆனா எந்திரிச்சுப் போக மனசு வரலை. என்னாலதான அவ பட்டினி. ஒண்ணே முக்காலுக்கு வந்தான். அப்பவும் பதினேழு நிமிசம் கிளையில உக்காந்துட்டுத்தான் ஊட்டினான். வீட்டுக்கு வந்து சோறு எறங்கலை.

பிப்ரவரி 22, சனி

எழுத வெக்கமா இருக்கு. ஆனாலும் எழுதறேன்.

காலைல ஒரே மூடுபனி, மரமே தெரியலை. எட்டரைக்கு எந்திரிச்சு ஜங்சன் டீக்கடைக்குப் போயிட்டேன். ஒரு டீ, ஒரு வடை. அங்க ஒரு டிரைவர் பழக்கமானவன், பேச்சு நீண்டுபோச்சு. திரும்பி வந்தப்ப பத்தேகால். நோட்டைப் பார்த்தேன், ஏழு கட்டம் காலியா கெடக்கு. எட்டே முக்கால் இல்லை, ஒம்பது இல்லைன்னு போட்டுட்டு, ஒம்பதரைக்கு வந்தது, பதிமூணு பழம், ஒம்பதே முக்காலுக்குப் போனதுன்னு எழுதி வெச்சேன். தினமும் அந்த நேரத்துக்குத்தான் வருது, இன்னிக்கும் வந்திருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?

மத்தியானம் மேரி நோட்டை வாங்கிப் பார்த்துச்சு. மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"ஒம்பதரைக்கு வந்துச்சாண்ணே?"

"ஆமா."

"நான் ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும் ஓடைக்கு அந்தாண்ட அத்தி மரத்துக்குக் கீழ நின்னேன். உங்க ஆளு என் தலைக்கு மேலதான் உக்காந்து தின்னுட்டு இருந்தான்."

வேற பறவையா இருக்கும்னேன். இடது றெக்கையில ஒரு இறகு உடைஞ்சிருக்கும் அவனுக்கு, மூணு வருசமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதாண்ணே அப்படின்னுச்சு.

கத்தியிருந்தாக் கூட பரவாயில்லை. அது கத்தலை. கண்ணு கலங்கிருச்சு. "இப்ப இந்த நோட்டுல எது நெசம், எது நீங்களா எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாசம் பூரா எழுதினதையும் குப்பையில போட வேண்டியதுதானா? எழுதாம விட்டிருந்தா ஒரு மணி நேரந்தான் போயிருக்கும்."

எழுத்துக்கு மேல கோடு போட்டு, "நான் இங்க இல்லை"ன்னு எழுதச் சொல்லுச்சு. எழுதினேன்.

ரங்கன்கிட்ட அது சொல்லலை. சொல்லியிருந்தா இன்னிக்கே என்னை மலை எறக்கியிருப்பாங்க.

பிப்ரவரி 24, திங்கள்

ஆறில் இருந்து பன்னெண்டு வரைக்கும் எந்திரிக்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்னிக்கு ஒரு விசயம் கவனிச்சேன். அவன் கொண்டார்ற பழமெல்லாம் தொண்டைக்குள்ளதான் இருக்கு. தலையை ஒரு ஆட்டு ஆட்டினா ஒரு பழம் அலகு நுனிக்கு வருது. அதைச் சந்துகிட்ட நீட்டறான். உள்ள இருந்து அவ அலகு நுனி வெளிய வந்து அதை வாங்கற வரைக்கும் அப்படியே புடிச்சுகிட்டு இருக்கான். அவ வாங்கின பிறகுதான் அடுத்த பழம். இன்னிக்கு இருபத்திரண்டு. ஒண்ணொண்ணா.

மொத்தமா கொட்டிட்டுப் போனா அரை நிமிசத்துல முடியற வேலை. ஆனா அவசரப்பட்டுத் திணிச்சா அது கீழதான் விழுகும், அறுபதடிக்குக் கீழ. எடுக்க முடியாது. அவனுக்கு அது தெரிஞ்சிருக்கு.

மேரிகிட்ட இதைச் சொன்னேன். "ஒன்றரை மாசம் ஆச்சு உங்களுக்கு இதைப் பார்க்க"ன்னுச்சு. பேச ஆரம்பிச்சிருச்சு, அது போதும்.

நானும் இப்ப சோத்தை மென்னு திங்கறேன். ரங்கன் பொண்டாட்டி கேட்டா, "ஏனுங்கண்ணா, கொழம்பு புடிக்கலீங்களா?"ன்னு.

மார்ச் 15, சனி

பங்களா வளைவுல நின்னப்ப பஸ் முதலாளி போன்.

"கிட்டு, ஏப்ரல் பதினாறாந்தேதி மறந்துராத. அன்னிக்குச் சொன்னதையே சொல்லு, ஒரு எழுத்து மாறக் கூடாது. நம்ம கம்பெனிக்குப் புது வண்டி வருது. மறுநாளே சாவி உன்ற கையில."

சரிங்கண்ணான்னேன். அவர் சாதிக்கைப் பத்தி ஒண்ணும் பேசலை. நானும் கேக்கலை.

புது வண்டின்னா பவர் ஸ்டியரிங். சுண்டு விரல்ல திருப்பலாம். நெனச்சாலே நெஞ்சு குறுகுறுங்குது. பொய் சொல்லலை, ஆசையா இருக்கு.

மார்ச் 19, புதன்

7.02க்கு வந்தான். ஓடைப் பக்கம் விறகு வெட்டற சத்தம் கேட்டுகிட்டு இருந்துச்சு, அதனால கிளையிலயே உக்காந்துட்டான். நானும் உக்காந்திருந்தேன். முப்பத்தொரு நிமிசம். நான் அசையலை, அவனும் அசையலை. கொசு கன்னத்துல உக்காந்து குடிச்சுட்டுப் போச்சு, அடிக்கலை. சத்தம் நின்னுச்சு. அப்பவும் அவன் கிளம்பலை. அவ அலகு நுனி சந்துல தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் போனான்.

ஐம்பத்தோரு வயசு ஆம்பளை, பறவையைப் பார்த்து அழுதான்னா சிரிப்பாங்க.

அன்னிக்கு சாதிக் விசில்...

மார்ச் 23, ஞாயிறு

சாந்தாமணி வந்துட்டா. சொல்லாம கொள்ளாம, காலைல பஸ்ஸுல. கையில கம்பு தோசை, எள்ளுப்பொடி. ரங்கன் வீட்டுக்குப் பின்னாடி தேயிலைக்குள்ள நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்குச்சு, நான் நின்னு நின்னு நடந்தேன். என்னை ஒரு மாதிரியா பார்த்தா.

"நான் நாகமணியக்காவைப் பார்க்கத்தான் வாராவாரம் போறேன்"னா. "குளிக்க வெக்கறதுக்கு அவங்க மருமக ஒருத்தியால முடியலை. புடிச்சுத் தூக்கறதுக்கு இன்னொரு ஆளு வேணும்."

நான் ஒரு கொழுந்தைக் கிள்ளினேன்.

"சாதிக்கும் வர்றான். வேலை கெடையாது, ஒரு மளிகைக் கடையில மூட்டை தூக்கறான். அங்க வந்து உக்காந்துட்டுப் போறான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை."

"அவன் விசில் குடுத்தான் சாந்தா."

நின்னுட்டா. "பங்க்குல என்னை விட்டுட்டுப் போனீங்களே, அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க. நானும் கூடச் சிரிப்பேன். ஏனுங்க, இருபத்திரண்டு வருசமா உங்க பைக்குல ஏர்றேன். ஒரு நாளாவது ஏறிட்டியான்னு கேட்டிருக்கீங்களா? நான் கால் தூக்கி வெக்கறதுக்குள்ள வண்டி நகரும். தொங்கிட்டே வந்திருக்கேன். அவன் விசில் குடுத்தானான்னு என்னைக் கேக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் தோசையைப் பிரிச்சு வெச்சா, தின்னேன். மத்தியான வண்டிக்குப் போயிட்டா.

மார்ச் 24, திங்கள்

விசில் வரலை.

எழுதிட்டேன். இனி மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அன்னிக்கு முன்னாடி போற வண்டி மூணு நிமிசம் லேட்டு, கண்ணுக்குத் தெரியற தூரத்துல போய்கிட்டு இருந்துச்சு. அடுத்த ஸ்டாப்புல அதை முந்திட்டா கூட்டம் பூரா நமக்கு. முன்படி காலி. பின்னாடி விசில் வந்துரும்னு தெரியும், எப்பவும் வரும். வர்றதுக்குள்ள கிளட்சை விட்டேன். "ஹோல்டான்! ஹோல்டான்!"னு சாதிக் நிறுத்தச் சொல்லிக் கத்தினது கேட்டுச்சு. கேட்டும் ஒரு பத்தடி போயிட்டேன்.

இது அன்னிக்கு ஒரு நாள் பண்ணின காரியமில்லை. பதினெட்டு வருசமா விசிலுக்கு முந்தி எடுக்கறதுதான் என்ற பெருமை. சாதிக்கே கேலி பண்ணுவான், "உங்களுக்கெல்லாம் எதுக்குங்ண்ணா கண்டக்டரு?"ன்னு. நான் சிரிப்பேன்.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல முதலாளி, "கண்டக்டர் விசில் குடுத்தான்னு எழுது, டிரைவர் போனா ரூட்டே போயிரும்"னார். எழுதினேன். ரெண்டு நிமிசம் கூட ஆகலை எழுதறதுக்கு. சாதிக் எதிர்ல நாகமணியம்மா செருப்பைக் கையில வெச்சுகிட்டு நின்னான்.

ஏப்ரல் 3, வியாழன்

உள்ள குஞ்சு சத்தம் போடுதுன்னு மேரி சொல்லுது. எனக்குக் காதுல விழுகலை. காலெல்லாம் ஒரே பரபரப்பு. ஸ்டூலை வேற எடத்துல போட்டேன், அங்கயும் குழி விழ ஆரம்பிச்சிருச்சு.

உண்மையைச் சொன்னா லைசென்ஸ் போயிரும், கேசும் என்ற தலையில. ஸ்டியரிங் புடிக்காத கையை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? வேற தொழில் ஒண்ணும் தெரியாது.

ஏப்ரல் 9, புதன்

சாதிக்குக்குப் போன் போட்டேன். அவன் "அலோ"ன்னதும் வெச்சுட்டேன். திரும்ப அவனே கூப்பிட்டான். எடுக்கலை. மூணு தடவை அடிச்சு நின்னுபோச்சு.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பொறப்பு. ரங்கன் வீட்ல ஒப்பிட்டு, அதான் பருப்புப் போளி, சுட்டாங்க. நாலு தின்னேன்.

மேரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டும்னு நெனச்சேன். "அந்தக் கட்டத்துல கோடு போட்டுட்டு எழுதுங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தொலைநோக்கியைத் துடைக்கப் போயிருச்சு.

ஏப்ரல் 16, புதன்

நாப்பது கொண்டை ஊசி வளைவும் கவர்மென்ட் பஸ்ஸுல, ஜன்னலோரமா. ஒவ்வொரு வளைவுலயும் வலது கால் தரையை அமுக்குச்சு. டிரைவர் நிதானமான ஆளு. வரையாடு ஒண்ணு ரோட்ல நின்னுச்சு, அது பாட்டுக்கு நகர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தார். ஒருத்தரும் ஹாரன் அடிக்கலை.

ஆபீஸ் வராந்தாவுல சாதிக் நின்னான். எளைச்சுப்போயிட்டான். முதலாளி என்ற தோள் மேல கை போட்டு உள்ள கூட்டிட்டுப் போனார்.

ஆபீசரம்மா காயிதத்தைப் பார்த்துகிட்டே கேட்டாங்க, "வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி கண்டக்டர்கிட்ட இருந்து விசில் வந்துச்சா?"

அவங்க கையில இருந்த காயிதத்துல என்ற பழைய கையெழுத்தைப் பார்த்தேன். முதலாளி செருமினார். ஆபீசரம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"சீக்கிரம் சொல்லுங்க, வெளிய இருபது பேர் காத்திருக்காங்க."

"இல்லை"ன்னேன்.

மூணு மாசமா கால் மணிக்கொரு தடவை எழுதின வார்த்தைதான். சொல்றதுக்கு இத்தனை நேரமாச்சு.

"என்ன இல்லை?"

"விசில் வரலைங்க. அவன் ஹோல்டான் ஹோல்டான்னு கத்தினான். நானாத்தான் எடுத்தேன். மொதல்ல எழுதிக் குடுத்தது பொய்யிங்க."

முதலாளி எந்திரிச்சு வெளிய போயிட்டார். எழுதி வாங்கினாங்க, கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் ரத்து ஆகும், கோர்ட்டுக்கும் போகணும்னு சொன்னாங்க. சரிங்கன்னேன்.

வெளிய சாதிக் புங்கமரத்தடியில நின்னான். கட்டிப் புடிப்பான்னு நெனச்சேனோ என்னமோ, பக்கத்துல போனேன். அவன் ஒரு அடி பின்னால போனான்.

"எல்லாத்துலயும் வெசையா போறவராச்சே, இதுல மட்டும் ஏனுங்ண்ணா இத்தனை மெதுவு?"

நூறு நாள். அவன் வீட்ல பொண்டாட்டி வளையலை அடகு வெச்சது, ஸ்டாண்டுல ஒருத்தனும் அவனை வண்டியில ஏத்தாதது, எல்லாம் அந்த நூறு நாள்ல. நான் மலை மேல உக்காந்து பறவைகிட்ட பொறுமை படிச்சுகிட்டு இருந்தேன், அந்தப் பொறுமையெல்லாம் அவன் கணக்குல இருந்து எடுத்தது. மன்னிச்சிருன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். மன்னிச்சேன்னு ஆட்டினானா, போதும் போன்னு ஆட்டினானான்னு தெரியலை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவ வெளிய வந்துட்டா! 6.40க்கு உள்ள இருந்து கொத்த ஆரம்பிச்சா, பூச்சு துண்டு துண்டா பேந்து விழுந்துச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தலை, அப்புறம் உடம்பு. றெக்கையை விரிக்கவே தெரியாதவ மாதிரி கிளையில தொத்திகிட்டு உக்காந்திருந்தா. மேரி என்ற கையைப் புடிச்சு நசுக்கிருச்சு. உள்ள குஞ்சு என்ன பண்ணுச்சுன்னா, உடைஞ்ச சுவரை அதுவே திரும்பப் பூச ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு இன்னும் நேரம் வரலையாம்.

சீசன் முடிஞ்சாலும் இருங்கண்ணேன்னு மேரி சொல்லுது, அத்தி மரக் கணக்கு எடுக்க ஆள் வேணுமாம். இருக்கறேன்னு சொல்லியிருக்கேன். வேற எங்க போறது?

மே 5, திங்கள்

நாகமணியம்மாவைப் பார்க்கப் போகணும்னு நானா சொல்லலை. சாந்தாமணி கூப்பிட்டா, மலை எறங்கி வந்தேன். பொள்ளாச்சி ஸ்டாண்டுல ஒரு வண்டியை விட்டுட்டு, எட்டரை வண்டிக்குத்தான் ஏறுவேன்னு அவ ஒரே பிடிவாதம். ஏறினப்புறந்தான் தெரிஞ்சுது, வேற கம்பெனி வண்டியில சாதிக் கண்டக்டரா சேர்ந்திருக்கான்.

டிக்கெட் கிழிச்சுக் குடுத்தான். "அக்கா, ஒக்காருங்க"ன்னு அவகிட்ட சொன்னான். என்கிட்ட பேசலை. மிச்சக் காசை என்ற கையிலதான் வெச்சான்.

டிரைவர் சின்னப் பையன். முன்னாடி போற வண்டி கண்ணுக்குத் தெரியுது. புளியமரத்து ஸ்டாப்புல நிறுத்தினதும் ஆக்சிலேட்டரை உறுமிகிட்டே இருக்கான். அந்தக் கால் என்ன நெனக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். பின்படி வழியா முதல்ல சாந்தாமணி எறங்கினா. நான் கம்பியைப் புடிச்சுகிட்டு ஒரு கால் வெச்சேன். வண்டி லேசா ஆடுச்சு.

"இரு!"ன்னு சாதிக் டிரைவரை ஒரு அதட்டு அதட்டினான்.

எறங்கினேன். ரெண்டு காலும் மண்ணுல வெச்சேன். அவன் படியில குனிஞ்சு என்ற காலையே பார்த்துகிட்டு இருந்தான். ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நின்னேன். அப்பவும் விசில் வரலை. நிமிர்ந்து என்ற மூஞ்சியைப் பார்த்தான். அப்புறந்தான் விசிலை வாயில வெச்சான்.

ரெண்டு. நல்லா, நீட்டமா.

வண்டி போன பிறகும் நான் அங்கயே நின்னேன். "வாங்க, அக்கா காத்துட்டு இருப்பாங்க"ன்னா சாந்தாமணி. கீழ குனிஞ்சு பார்த்தேன், வலது கால் புழுதியை அமுக்கிகிட்டுத்தான் இருக்குது. அது போகாது போல. அவ முன்னால நடக்கட்டும்னு விட்டுட்டு, பின்னால நடந்தேன்.